வளை சிவந்த வீடுகள்

சாகப்போகிறவர் யார், பிழைத்துக்கொள்கிறவர் யார் என்பதை டாக்டர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அவர்கள் கையெழுத்து விலைக்குப் போனது. அரசாங்கத்தின் இறுதித்துணைத் திட்டத்தில், இந்த ஆள் ஆறு மாதத்துக்கு மேல் தாங்க மாட்டார் என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தால் போதும், அவரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் கம்பெனிக்கு நாள்கணக்கில் பணம் போகும். எழுதிக் கொடுக்கத் தாராளமாக ஆள் கிடைத்தது. பெண் பார்க்கப் போன மாப்பிள்ளைகூடச் சாகக் கிடப்பதாகக் கணக்கில் இருந்தான். விஷயம் நாறிப்போனதும், மனிதனை நம்பினால்தானே இந்த வம்பு என்று அரசாங்கம் மெஷினைக் கொண்டுவந்தது. மெஷினையும் விலைக்கு வாங்கலாம் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

மெஷின் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, மணிக்கட்டில் மாட்டுகிற ஒரு பட்டை. பாளையங்கோட்டையில் எல்லோரும் அதை வளை என்றுதான் சொன்னார்கள். தோல் வழியாகவே ரத்தத்தையும் மூச்சையும் நாடியையும் பார்த்து, இந்த உடம்பு இன்னும் எவ்வளவு ஓடும் என்று அதுவே கணக்குப் போடும். ஓடும் என்றால் பச்சை. ஆறு மாதத்துக்குள் நின்றுவிடும் என்றால் சிவப்பு. சிவந்துவிட்டால் அதற்குமேல் வைத்தியம் கிடையாது. நோய்க்கான மாத்திரை, ஊசி, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, வலிக்கும் தூக்கத்துக்கும் மட்டும் மருந்து கொடுத்து நிம்மதியாக வழியனுப்ப வேண்டும் என்பது விதி. விதியில் குற்றம் சொல்ல முடியாது. உண்மையிலேயே சாகக் கிடக்கிற மனிதனை ஆஸ்பத்திரிக் கட்டிலில் போட்டுக் குத்திக் குதறுவதைவிட இது எவ்வளவோ மேல்.

பெனிட்டா அப்படித்தான் நம்பினாள். அந்தித்துணை என்ற கம்பெனியில் அவள் நர்ஸ். ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய் வளை மாட்டுவதும், வளை சிவந்த வீட்டில் பழைய மருந்துகளை எடுத்துக்கொண்டு புதுப் பெட்டியை வைப்பதும், வீட்டார் அழுதால் கூட உட்கார்ந்திருப்பதும் அவள் வேலை. ஐம்பதைத் தொட்ட பெண், சொந்தமாகக் குடும்பம் என்று ஒன்றும் அமையவில்லை, அதனால் எந்த வீட்டிலும் கொஞ்சம் கூடுதலாகவே உட்கார்ந்திருப்பாள். புறப்படும்போது எல்லா வீட்டிலும் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் வருவாள். "இனிமே பத்தியம் ஒண்ணும் வேண்டாம். அவியளுக்கு என்ன ஆசையோ அதச் செஞ்சு குடுங்க."

இதைக் கம்பெனி அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. போகிற உயிர் ஆசையோடு போகக்கூடாது என்பது நம் ஜனங்களுக்குப் பிறவியிலேயே தெரிந்த விஷயம். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் வீட்டாரின் முகம் எப்படித் தெளிகிறது என்பதைக் கம்பெனி கவனித்தது. கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறவர்களுக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்துவிடுகிறது அல்லவா? அதற்கு 'ஆசைச் சோறு' என்று பேர் வைத்து, அதையும் ஒரு சேவையாக அரசாங்கத்திடம் கணக்கு எழுதி, எல்லா நர்சுகளும் சொல்ல வேண்டும் என்று உத்தரவே போட்டுவிட்டது. பெனிட்டாவுக்கு அப்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவளுடைய அண்ணன் ஆசீருக்கும் வளை சிவந்தது. தகப்பன் போன பிறகு அவளை வளர்த்து நர்சிங் படிக்க வைத்தவர் அவர்தான். பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர், சர்க்கரைக்கு வருஷக்கணக்காக இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர், மற்றபடி சமாதானபுரத்திலிருந்து மார்க்கெட் வரை நடந்தே போய் மீன் வாங்கி வருகிற ஆள். அறுபத்தைந்து தாண்டிய எல்லோருக்கும் இலவசமாக வளை மாட்டிப் பார்க்கும் முகாமில் பெனிட்டாவே அவருக்கும் மாட்டினாள். சிவப்பைப் பார்த்து அவள் நம்பவில்லை. வேறு வளை மாட்டிப் பார்த்தாள், அதுவும் சிவந்தது. அண்ணன்தான் அவளைத் தேற்றினார்.

ஊசிப் பெட்டியை அவள் எடுத்துப் பையில் வைத்தபோது, "ஊசி வேண்டாமா பெனி?" என்று கேட்டார்.

"வேண்டாம்ண்ணே. இனிமே ஒனக்கு ஊசியே கிடையாது."

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்ட பையன் மாதிரி அவர் முகம் மலர்ந்தது. அந்த முகத்தை அவளால் சாகும்வரை மறக்க முடியாது.

உடனே கனடாவில் இருந்த அண்ணன் மகன் ஜெரினுக்குச் சொன்னாள். தகப்பனுக்கும் மகனுக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவனுடைய அம்மா நோயில் கிடந்தபோது, படிக்கிற பையன் மனசு கெடக்கூடாது என்று ஆசீர் அதை மறைத்துவிட்டார். அவன் வந்து சேர்ந்தபோது கல்லறையில் மண் காய்ந்திருந்தது. அன்றைக்குப் போனவன்தான். இந்தத் தடவை முன்கூட்டியே சொல்லிவிட்டோம் என்பதில் பெனிட்டாவுக்கு அந்தத் துக்கத்திலும் ஓர் ஆறுதல். அவனும் அடித்துப் பிடித்து வந்து சேர்ந்தான். வாசலில் செருப்பைக் கழற்றாமலே உள்ளே போய் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

பழையதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நம் ஆண்களுக்கு அதெல்லாம் வராது. அப்பா முதலூர் மஸ்கோத் அல்வா வேண்டும் என்றார், மகன் முதலூருக்கே போய் வாங்கி வந்தான். அவ்வளவுதான் சமாதானம். மைதாப் பாலும் தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டுகிற அல்வா அது, வாயில் போட்டால் வழுக்கிக்கொண்டு போகும். சர்க்கரை வந்த நாளிலிருந்து ஆசீர் அதைக் கண்ணாலேயே பார்க்கவில்லை. தீரத் தீர ஜெரின் போய் வாங்கி வருவான். பொட்டலத்தை அத்தையிடம் கொடுப்பான், அவள் அடுக்களையில் துண்டு போட்டுத் தட்டில் வைத்துக் கொடுப்பாள், அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாவுக்குத் தன் கையால் ஊட்டுவான். இவர் மென்றுகொண்டே அவன் சின்ன வயசுச் சேட்டைகளைச் சொல்லுவார். அந்தித்துணை ஆட்கள் ஒருநாள் வந்து அதைப் படம் பிடித்து விளம்பரத்தில் போட்டார்கள். பார்த்தவர்கள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கொஞ்ச நாளில் ஆசீருக்கு அடங்காத தாகம் எடுத்தது. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார், பிறகு எந்நேரமும் தூங்கினார், பிறகு எழுப்பினாலும் எழுந்திருக்கவில்லை. சர்க்கரை நோயாளிக்கு இது எதன் அடையாளம் என்று நர்சிங் சேர்ந்த முதல் வருஷத்துப் பிள்ளைக்குத் தெரியும். பெனிட்டாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவள் கண் வளையின் சிவப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நேரம் வந்துவிட்டது என்று நினைத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் பண்ணினாள். ஆசீர் மகன் மடியில் தலை வைத்தபடி போனார். நல்ல சாவு என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள்.

நர்சுகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவரின் கையிலிருந்து கழற்றிய வளையைத் துடைத்து, பழைய பேரை அழித்துவிட்டு, அடுத்தவருக்கு மாட்டுவதற்கு முன்னால் ஒருநாள் தங்கள் கையிலேயே போட்டுப் பார்ப்பார்கள். துக்க வீட்டிலிருந்து வந்ததை நேராக இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோக அவர்களுக்கு மனசு வராது. கம்பெனிக்கு இது தெரியாது. பெனிட்டா அண்ணனுடைய வளையை அப்படித் தன் கையில் போட்டுக்கொண்டாள். மறுநாள் பாத்திரம் கழுவும்போது பார்த்தால் அது சிவந்திருந்தது.

அவள் அதை அப்படியே நம்பிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிற மாதிரி இருந்தது, சாப்பாடு இறங்கவில்லை, தலைமுடி கொட்டுகிற மாதிரிகூடத் தோன்றியது. யாருக்கு எந்தச் சேலையைக் கொடுப்பது என்று யோசிக்க ஆரம்பித்தாள். பெரியாஸ்பத்திரியில் வேலை பார்க்கிற சிநேகிதி ஒருத்தி அவளைப் பார்த்துவிட்டு, என்ன இப்படி வாடிப்போனாய் என்று இழுத்துக்கொண்டு போய் எல்லாப் பரிசோதனையும் செய்தாள். கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாய், போய் ஒழுங்காகச் சாப்பிடு என்று திட்டி அனுப்பினாள். பெனிட்டாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. அப்படியானால் அண்ணன் கையில் இந்த வளை சொன்னது? வளையை எடுத்துக்கொண்டு நேரே கோமதிநாயகத்திடம் போனாள்.

கோமதிநாயகம் கம்பெனியில் வளைகளைப் பழுது பார்க்கிறவன். சங்கரன்கோவில் பக்கத்துக்காரன், பொய் சொன்னால் காது சிவந்துவிடுகிற ஆள். அவள் கேட்டதும் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அக்கா, இது பழுது இல்ல. பச்சைக்கும் செவப்புக்கும் நடுவுல ஒரு கோடு இருக்கு பாத்தியளா, அத இங்க இருந்தே ஏத்தலாம், எறக்கலாம். ஒரு ஏரியாவுல ஆளு கொறஞ்சிட்டுன்னா, அந்த ஏரியாவுக்கு மட்டும் மாத்தி வுடுவாவ. சுகரு, பிரஷரு உள்ள வயசானவங்களுக்கு ஒடனே செவந்துரும். எப்பவாவது நல்லா இருக்கவங்களுக்கும் செவக்கும், அத பழுதுன்னு எழுதி அனுப்பிருவோம்."

"எங்க அண்ணனுக்கு?"

அவன் திரையைத் தட்டி ஆசீருடைய கணக்கைத் தேடி எடுத்தான்.

"மாத்தாம வுட்டிருந்தா பச்சைக்கா," என்றான். "நல்ல பச்சை."

பெனிட்டா வழக்குப் போட்டது இப்படித்தான். அரசாங்கப் பணத்தைப் பொய்க்கணக்கு எழுதி வாங்குகிறவர்களை உள்ளே இருந்தே காட்டிக்கொடுக்கிறவர், அரசாங்கத்தின் சார்பில் தானே வழக்குப் போடலாம் என்று ஒரு சட்டம் இருந்தது. மீட்கிற பணத்தில் காட்டிக்கொடுத்தவருக்குப் பங்கு உண்டு. பெனிட்டா முதல் வேலையாக அந்தப் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். மேலப்பாளையத்து வக்கீல் சபூரா அதைப் பார்த்து, நல்லதுதான், ஆனால் அதற்காக யாரும் உன்னை நம்பிவிடப் போவதில்லை என்றாள். சபூரா அப்படித்தான் பேசுவாள், வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

பணத்தைவிட அவசரமான விஷயம் ஒன்று இருந்தது. மாவட்டம் முழுக்க வளை சிவந்த வீடுகளில் இன்னும் எத்தனையோ பேர் உயிரோடு இருந்தார்கள். அவர்களுக்கு ஊசியும் மாத்திரையும் நின்றுபோயிருந்தன, வீட்டார் ஆசை ஆசையாகப் பாயசமும் வறுத்த கறியும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மருந்தை உடனே திருப்பிக் கொடுக்கச் சொல்லி கோர்ட் உத்தரவு போட வேண்டுமானால், வளை சொன்னது பொய், அதை நம்பி மருந்தை நிறுத்தியதால்தான் ஆள் செத்தார் என்று ஒரே ஒரு ஆள் விஷயத்திலாவது நிரூபித்தாக வேண்டும். ஆசீரைவிடத் தோதான ஆள் கிடையாது என்றாள் சபூரா.

கம்பெனி முதலில் சிரித்தது. வளை பொய் சொன்னது என்கிறீர்களே, சிவந்தவர்களில் ஒருவர்கூடச் சொன்ன கெடுவைத் தாண்டவில்லையே என்றது. கோமதிநாயகம் சாட்சி சொல்லி, கோர்ட் உத்தரவின் பேரில் ஆசீருடைய உண்மையான கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். கூண்டுக்குப் பக்கத்துத் திரையில் பச்சை எரிந்தது. அன்றைக்கு ஜெரினும் கோர்ட்டில் உட்கார்ந்திருந்தான்.

அவன் லீவை நீட்டி நீட்டி இங்கேயே இருந்தான். அன்று சாயங்காலம் வீட்டில் அத்தையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அத்தை, அப்ப நான் ஊட்டுனது?"

பெனிட்டா அவனுக்குத் தட்டு எடுத்து வைத்தாள். கேஸ் முடியட்டும்யா, பேசுவோம் என்று மட்டும் சொன்னாள். அதன்பிறகு அவன் கேட்கவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்காருவான், பிசைவான், எழுந்துபோய்க் கை கழுவிவிடுவான். சட்டை அவன் மேல் தொங்க ஆரம்பித்தது. இந்தப் பையனும் போய்விடுவானோ என்று அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஊசியை நிறுத்தியதும் சாவுதான், தினம் அல்வா ஊட்டியதும் சாவுதான். எது எவ்வளவு என்று எந்த டாக்டரும் பிரித்துச் சொல்ல முடியாது. சிவந்த பிறகு ரத்தம் எடுத்துப் பார்ப்பதே கிடையாதே.

கம்பெனி வக்கீல் அந்த ஓட்டையைத்தான் பிடித்துக்கொண்டார். சென்னையிலிருந்து வந்தவர், குரலை உயர்த்தாமலே கழுத்தை அறுக்கத் தெரிந்தவர். பெனிட்டாவைக் கூண்டில் ஏற்றிவிட்டு, விளம்பரப் படத்தைத் திரையில் ஓட்டினார். ஜெரின் சிரித்துக்கொண்டே அப்பாவுக்கு ஊட்டினான், ஆசீர் கண்ணை மூடி ருசித்தார். சர்க்கரை நோயாளிக்குப் பெற்ற மகனே சர்க்கரையை ஊட்டியிருக்கிறான் என்றார் வக்கீல். வளையில் ஏதோ கோளாறு என்றே வைத்துக்கொள்வோம். மருந்தை நிறுத்தியதால்தான் செத்தார் என்று எப்படிச் சொல்ல முடியும்? எல்லா வீட்டிலும் வீட்டார்தான் கண்டதையும் கொடுத்துக் கொன்றிருக்கிறார்கள். கம்பெனியின் ஆசைச் சோற்றுத் தாளில் 'மருத்துவ ஆலோசனைப்படி மட்டுமே' என்று தெளிவாக அச்சடித்திருக்கிறதே.

சபூராவின் முகம் கறுத்துவிட்டது. நீதிபதி யோசனையோடு பேனாவை உருட்டினார். பெனிட்டா ஜெரின் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலே அவன் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"அதுல சர்க்கரை கிடையாது ஐயா," என்றாள்.

வக்கீல் புருவத்தை உயர்த்தினார்.

"அவன் வாங்கிட்டு வந்தத நான் அண்ணனுக்குக் குடுக்கல. பொட்டலத்த என் கையிலதான் தருவான். அடுக்களையில அத எடுத்து வச்சிட்டு, நான் கிண்டி வச்சிருந்த மஸ்கோத்ததான் தட்டுல போட்டேன். சர்க்கரை போடாம, சுகர்காரவிய சேத்துக்கிடுத பொடியப் போட்டுக் கிண்டினது. அவனுக்கு அது தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது."

கர்த்தர் பேரால் சத்தியம் பண்ணிவிட்டு அவள் சொன்ன முதல் பொய் அது. குரல் நடுங்கவே இல்லை, அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வக்கீல் திரையில் ஓடிக்கொண்டிருந்த படத்தை நிறுத்தினார். பிறகு மெதுவாக, இன்னும் கிட்டே வந்தார்.

"அப்படியானால் சர்க்கரை அவருக்கு ஆகாது என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும்."

"தெரியும்."

"சர்க்கரை ஆகாது என்று அல்வாவை மாற்றி வைத்த நீங்கள், இன்சுலினை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது தெரியாமலா நிறுத்தினீர்கள்?"

இந்தக் கேள்வி வரும் என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவளுக்கு எதுவும் தெரியாது, வளையை நம்பி ஏமாந்துபோன ஒரு தங்கச்சி, அவ்வளவுதான். அப்படிச் சொல்வதானால் அல்வாவைப் பற்றிச் சொன்னது பொய் என்றாகிவிடும். அவளுக்குத் தப்பிக்க ஒரு வழி இருந்தது, அந்த வழியில் ஜெரின் குறுக்கே கிடந்தான்.

"தெரிஞ்சுதான் நிறுத்துனேன்," என்றாள். "கம்பெனி சொல்லிச்சு, நிறுத்துனேன். எல்லா வீட்லயும் அப்படித்தான் நிறுத்துனேன்."

கோர்ட்டில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. கம்பெனி வக்கீல் அவளைக் குற்றவாளியாக்கிய திருப்தியில் உட்கார்ந்தார். தன் கட்சிக்காரர்களையும் சேர்த்துக் கவிழ்த்துவிட்டோம் என்பது அவருக்கு அப்புறம்தான் உறைத்தது. உணவில் குற்றமில்லை, ஊசியை நிறுத்தியதே சாவுக்குக் காரணம், நிறுத்தச் சொன்னது கம்பெனி என்று நீதிபதி எழுதினார். சிவந்த வளைகளை எல்லாம் அன்றே கழற்ற வேண்டும், எல்லா வீட்டுக்கும் மருந்து திரும்பப் போக வேண்டும் என்று உத்தரவானது. பெனிட்டாவின் நர்ஸ் பதிவை ரத்து செய்யவும், அவள் மேல் தனியாக வழக்குப் பதியவும் அதே உத்தரவின் கடைசிப் பாராவில் சொல்லியிருந்தது.

வராந்தாவில் சபூரா கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எங்க உம்மாவும் மஸ்கோத் கிண்டுவாங்க," என்றாள். "சர்க்கரை இல்லாம அது சுருண்டு வராது. கஞ்சியாத்தான் கிடக்கும்."

"தெரியும்மா."

சபூரா அவள் தோளைத் தொட்டாள். உன் வழக்குக்கும் நான்தான் வருவேன் என்று சொல்லிவிட்டு அடுத்த கோர்ட்டுக்கு நடந்தாள்.

ஜெரின் தூணுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். பெனிட்டா அவனிடம் போனாள். அவன் கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தது.

"தெரிஞ்சேவா நிறுத்துனிய?"

இல்லை என்று சொல்லிவிட அவள் நெஞ்சு துடித்தது. அண்ணன் வீட்டில் அவளுக்கென்று மிச்சம் இருந்தது இவன் ஒருத்தன்தான். இவன் அத்தை என்று கூப்பிடுவதை விட்டால் இந்த உலகத்தில் அவளை உறவு சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது.

"ஆமாய்யா," என்றாள்.

அவன் சுவரில் சாய்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். அவன் உடம்பு குலுங்கியது. அவள் தொடப்போனாள், அவன் விலகிக்கொண்டான்.

"எங்க அப்பாவ நான்தான் கொன்னுட்டேன்னு நெனச்சிட்டுக் கிடந்தேன்," என்றான். "கையப் பாத்தாலே எனக்கு வாந்தி வந்துச்சு. நீங்க பக்கத்துலயே இருந்து பாத்துட்டுதான இருந்திய? இன்னைக்குக் கோர்ட்ல கேட்டதுக்குப் பொறகுதான சொல்லுதிய? ஒரு வார்த்தை வீட்ல வச்சு சொல்லியிருக்கக் கூடாதா?"

பெனிட்டா பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே எனக்குப் போன் பண்ணாதிய. நீங்க செத்தாலும் எனக்குச் சொல்லி வுட வேண்டாம்."

சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் படியிறங்கினான். வெயிலுக்குப் போனதும் ஒரு நிமிஷம் நின்று, தண்ணீருக்குள் இருந்து மேலே வந்தவன் மாதிரி நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து விட்டான். எதிரே சாப்பாட்டுக் கடைக்குள் போனான். கண்ணாடி வழியே அவன் இலையின் முன்னால் உட்காருவது தெரிந்தது. முதலில் தயங்கினான், பிறகு கொஞ்சம் எடுத்து வாயில் வைத்தான், பிறகு பசித்தவன் சாப்பிடுகிற மாதிரி வேகவேகமாகச் சாப்பிட்டான். குழம்பு ஊற்ற வந்தவரிடம் இன்னும் சோறு கேட்டான்.

அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பெனிட்டா தூணைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். அவன் கை கழுவிவிட்டு வெளியே வந்து, கோர்ட் பக்கம் பார்க்காமல் ஆட்டோ ஏறிப் போனான்.